பெடல் உள்ளே போகிறது

மார்ச் 3, செவ்வாய்

வண்டி சுவரோரமாகவே நிற்கிறது. என் மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கடையைத் திறந்தாள், ஜன்னலுக்கு இரண்டு துண்டு அறுத்தாள், மூடினாள். இன்று முழுக்க என்னிடம் பேசியது நான்கு வார்த்தை. அதில் இரண்டு, "தள்ளுங்க".

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும். எங்கள் பழைய பிக்கப் என்னைவிட இரண்டு வயதுதான் சின்னது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஓட்டியது மனைவி. பின்னால் ஒன்பது கண்ணாடி, பக்கத்து இருக்கையில் மகள். மேட்டுச் சாலையில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது. மனைவி எழுந்து நின்று மிதித்தும் வண்டி நிற்கவில்லை. ஓரத்து மண் குவியலில் ஏற்றித்தான் நிறுத்தியிருக்கிறாள். ஒன்பதும் தூள். மகள் நெற்றியில் மூன்று தையல்.

கிளம்பும்போதே சொன்னாள், "பிரேக் ஒரு மாதிரி இருக்குங்க" என்று. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "எல்லாம் சரியா இருக்கு, போ" என்றேன்.

பார்த்தேனா? இல்லை.

மார்ச் 5, வியாழன்

"வித்துடுங்கப்பா" என்றாள் மகள். அவள் அம்மா கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னாள்: "வண்டி மேல எனக்கென்ன கோபம்? இனிமே நீங்க 'சரியா இருக்கு'ன்னு சொன்னா நான் ஏற மாட்டேன். புள்ளைய அது கிட்டவே விட மாட்டேன். அவ்வளவுதான்."

சுருக்கென்றது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடப்போகிறேன். கூடவே பூஸ்டர். எஞ்சின் இழுக்கிற காற்றை வைத்து நம் காலுக்குப் பலம் சேர்க்கிற டப்பா அது. நானே போடுவேன்.

மச்சான் இரண்டு தெரு தள்ளித்தான் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். போக மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே டிஸ்க் பிரேக்கைப் போடச் சொன்னவன் அவன்தான். "முப்பத்தொரு வருஷம் பம்ப் ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவனுக்கு நீ நட்டு போல்டு சொல்லித் தர்றியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

மார்ச் 9, திங்கள்

ஆர்டர் போட்ட பிரேக் பெட்டி வந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டிலும் சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் இடது, ஒன்றில் வலது. குழந்தைகூட மாட்டிவிடும்.

மார்ச் 14, சனி

மூன்று நாள் பழைய டிரம்மோடு மல்லுக்கட்டினேன். விரல் முட்டியில் தோல் இல்லை. இன்று மதியம் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. டிஸ்க் சும்மா தகதகவென்று இருக்கிறது. வண்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரசித்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்தாள்! அது போதும்.

மார்ச் 15, ஞாயிறு

பைப்புக்குள் இருக்கும் காற்றை எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டேன். வந்தாள்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடிச்சுக்கோ. ... விடு. மிதி!"

"ஏன் கத்துறீங்க? கால்தானே மிதிக்குது, காதா மிதிக்குது?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரம். பெடல் இன்னும் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது.

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாவது டப்பா பிரேக் ஆயில். மறுபடி மிதி, பிடி, விடு. பெடல் தரை வரை போகிறது. ஒழுகல் எங்கும் இல்லை. விற்றவனுக்குப் போன் போட்டு, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஓட்டை என்று கத்தினேன். பாவம், பொறுமையாகக் கேட்டான். வைத்த பிறகு என் மேலேயே எரிச்சல். என்னதான் தப்பு செய்திருக்கிறேன்?

மார்ச் 18, புதன்

முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். முதல் மிதிக்கு நிற்கவில்லை. இரண்டு தரம் மிதித்தால் நிற்கிறது. நிற்கிறதுதானே? பழைய பிரேக்குக்கு இது தேவலை.

வெள்ளிக்கிழமை மேட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் பதினான்கு கண்ணாடி போயாக வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

காலையில் அவளே வந்து நின்றாள். "நாளைக்கு லோடு இருக்கு. வண்டி ரெடியா?"

சொல்ல வாயெடுத்துவிட்டேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு தரம் மிதித்தால் போதும், போய்விட்டு வா என்று. அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் மகள் நெற்றியில் அந்த மூன்று தையல்.

"இல்ல. போகாத. எனக்கே பயமா இருக்கு."

"என்ன தப்புன்னு தெரியுமா?"

"தெரியல."

முப்பத்தொரு வருஷ ஃபிட்டர்! தெரியலையாம்! மானம் போச்சு.  அவள் வாடகை வேனுக்குப் போன் போட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

வேன் போன பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மச்சான் கடைக்கு நடந்தேன். இரண்டு தெரு, இருபது நிமிஷம். பாதியில் ஒரு தரம் திரும்பிவிட்டேன். மறுபடி நடந்தேன்.

அவன் ஒரு காருக்கு அடியில் இருந்தான். கால் மட்டும் தெரிந்தது. அது ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. காலைப் பார்த்தே சொன்னேன்: "அன்னைக்கு நான் பேசினது தப்பு. பிரேக் வர மாட்டேங்குது. வந்து பாரு."

அடியிலிருந்து ஒரு கை நீண்டது. பிறகு உள்ளிருந்து, "ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க மாப்ள."

மார்ச் 21, சனி

வந்தான். சக்கரத்தருகே குனிந்தான். எண்ணி ஐந்து விநாடி.

"மாப்ள, இடது எது?"

வண்டிக்கு எதிரே நின்றபடி என் இடது கையைக் காட்டினேன்.

"ஏறி உக்காருங்க. இப்போ காட்டுங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஃபேக்டரியில் மெஷினுக்கு எதிரே நின்றுதான் இடது வலது சொல்வோம். வண்டிக்கு ஓட்டுகிறவர் கணக்கு. இரண்டு காலிப்பரும் பக்கம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே. காற்று மேலேயே தங்குமா, கீழே வந்து வெளியேறுமா? நான் பத்து டப்பா ஆயில் ஊற்றியிருந்தாலும் அது அங்கேயேதான் இருந்திருக்கும்.

"எல்லாரும் பண்றதுதான் மாப்ள" என்றான். பிறகு பொறுக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திட்டியிருக்கலாம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாற்றி மாட்டினோம். அவன் மிதிக்க, நான் நிப்பிள். இருபது நிமிஷம். பெடல் கல் மாதிரி நின்றது.

மார்ச் 24, செவ்வாய்

காலி வண்டியை நானே மேட்டுச் சாலையில் ஆறு தரம் இறக்கினேன். பிறகு மணல் மூட்டை ஏற்றி நான்கு தரம். ஒவ்வொரு தரமும் கீழே நிறுத்திச் சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 27, வெள்ளி

ஏழு கண்ணாடி ஏற்றினோம். மகள் வாசலில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பிரேக்?" என்றாள் மனைவி. அது மட்டும்தான்.

"நேத்து வலது பக்கம், ஓட்டுறவங்க வலது பக்கம், பைப் மூட்டுல ஒரு சொட்டு ஈரம் இருந்துச்சு. இறுக்கினேன். காலைல காகிதம் வச்சுப் பாத்தேன், காஞ்சிருக்கு. ஆயில் அளவு குறையல. இருந்தாலும் மேட்டுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்திப் பாத்துட்டு இறங்கு."

இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதில்லை. முழுக்கக் கேட்டாள். என் முகத்தையே பார்த்தாள். 

சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள். கையை நீட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏய், வாடி. நீயும் ஏறு."