மாலை கழற்றிய படம்

அம்மா, முல்லைத்தீவு மழையில் உங்கள் முழங்கால் நோவு கூடியிருக்குமே? நான் சுகம். மட்டாஞ்சேரி மிளகுக் கடையில் தும்மல் மட்டும்தான் குறையவில்லை.

நேற்று இலங்கையிலிருந்து ஒருவர் சுற்றுலா வந்தார். "உன் நாட்டுக்காரராக்கும், நீயே சாமான் எடுத்துக் கொடு" என்றார் முதலாளி ஜலீல் காக்கா. வந்தவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். கடைசிச் சண்டையின்போது எங்கள் ஊர்ப் பக்கம்தான் வேலையில் இருந்தாராம். ஏலக்காயை முகர்ந்தபடி, "பழசு எல்லாம் மறக்கணும் தம்பி. இப்ப ஒரே நாடுதானே" என்றார்.

"ஓம் ஐயா. சண்டை முடிஞ்சு அம்மா தன்ர கையால உங்கட ஆமியிட்ட ஒப்படைச்ச என்ர அண்ணாவை ஏத்தின பஸ் எங்க போனது?" என்று கேட்டேன். ஏலக்காயை வைத்துவிட்டுப் போய்விட்டார். காக்காவிடம் ஏச்சு வாங்கினேன். யோசிக்காதீங்கோ, வேலை போகவில்லை.

அண்ணாவின் படம் ஒன்று அனுப்புங்கோ, கல்லாவுக்கு மேலே மாட்ட வேணும். இன்னும் இப்படி ஆட்கள் வருவார்கள். சித்தப்பா போட்ட மாலையைக் கழற்றிவிட்டு எடுங்கோ. அண்ணா செத்ததாக எங்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

காக்கா கூப்பிடுகிறார்.

கஜன்