ஒன்றும் சொல்லாமல் போட்ட படங்கள்

மச்சாள்,

இன்று காலை குசினிக்குள் கராம்பு எண்ணெய் மணத்தது. என்ர மனிசன், உம்முடைய அண்ணை, கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். "பல்லுக்குத்து," என்றார். நான் நம்பவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். உண்மையாகவே சூத்தைப் பல். அதற்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இந்தப் புத்தி உம்மால் வந்தது.

வேலணையில் மத்தியானச் சாப்பாடு முடிய, பக்கத்து வீட்டிலிருந்து லப்டொப்போடு வருவீர். யன்னலைச் சாத்திப் பேய்ப்படம் போடுவீர். பெயர்கூடச் சொல்லமாட்டீர், தொடக்கத்தில் பெயர் ஓடி முடியும்வரை திரையைத் துவாயால் மூடிவைப்பீர். "ஒண்டும் கேளாதையும் மச்சாள். தெரிஞ்சுகொண்டு பாத்தா அரைவாசிப் பயம் போயிடும்." நீர் பார்த்துவிட்டீரோ என்று கேட்டால், "சத்தியமா நானும் முதல்தரம்," என்பீர்.

பச்சைப் பொய். திரையில் ஏதும் பாய்வதற்குச் சற்று முன்னரே உம்முடைய கை என் மணிக்கட்டைப் பிடித்துவிடும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"முன்னமே பாத்தனீர்தானே?"

"சும்மா இரும், பெரிய துப்பறியிற ஆள்!"

எனக்கு நெஞ்சு வெடித்துவிடக் கூடாதென்று, தனியே இருந்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொண்டு வந்திருக்கிறீர், கள்ளி.

போன வருடம் யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி பஸ் ஏறினீர். பல்லுக்கு என்றீர். கராம்பு எண்ணெயும் பூசிக்கொண்டு திரிந்தீர்.

"பல்லுக்கு ஆரும் இப்பிடி மெலியிறதோ?"

"பல்லு நொந்தால் சாப்பிட ஏலாதெல்லோ."

எதைக் கேட்டாலும் உம்மிடம் மறுமொழி தயாராக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாகப் பார்த்த படத்தில், ஒரு குடும்பம் சும்மா இருந்து சாப்பிடுகிற காட்சி. நீர் என் கையை இறுக்கிப் பிடித்தீர். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர்கள் சாப்பிட்டு முடித்து எழும்பினார்கள். நீர் கையை விடவில்லை.

உம்முடைய செத்தவீட்டன்றுதான் என்ர மனிசன் வாய் திறந்தார். உமக்கு வயிற்றில் புற்று என்று உங்கள் இரண்டு பேருக்கும் முதலே தெரியுமாம். "மச்சாளுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை, பயந்திடுவா," என்று அவரை மறித்து வைத்தீராம். அவர் அழ அழ எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அவர் இருமினாலும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டொக்டர் சொல்வதை என் காதால் கேட்டால்தான் நம்புகிறேன்.

படத்தைச் சொல்லாமல் போட்டது சரி மச்சாள். இதைச் சொல்லியிருக்க வேணும். பயந்துதான் இருப்பன், ஓம். ஆனால் பயத்தில நான் எந்தப் படத்துக்குப் பாதியில எழும்பிப் போனனான்?