படத்தில் நான் சொன்னது

ஆடி, இரண்டாம் ஞாயிறு. இரவு.

திண்டுக்கல் மண்டபத்தில் இன்று அந்த ஆவணப்படத்தைப் போட்டார்கள். சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களைப் பற்றியது. என் தம்பி செத்த கதையை அதில் நான் சொல்கிறேன். முப்பது வருசம் ஆகிறது. எனக்கு எழுத்து பிந்தித்தான் வந்தது, ஆனால் நடந்தது எதுவும் மறப்பதில்லை. அன்று காலை அவன் பழைய சோற்றுக்கு மாங்காய் கடித்தது வரை சொல்லியிருக்கிறேன்.

"நம்ம நாட்ட அசிங்கப்படுத்தவே எடுக்குறாய்ங்க" என்று பாதியிலேயே சிலர் எழுந்து போனார்கள். பக்கத்து நாற்காலிக்காரருக்கு இருட்டில் என்னை அடையாளம் தெரியவில்லை. திரையில் இருந்த என்னைக் காட்டி, "அம்புட்டு வருசத்துக்கு முன்னாடி தின்னது ஒருத்தனுக்கு ஞாபகம் இருக்குமா? புளுகுறான் கெழவன். நீங்களே சொல்லுங்க அப்பு" என்றார்.

"இருக்காதுப்பா" என்றேன்.

அவர் திருப்தியாகத் திரும்பிக்கொண்டார். திரையில் நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.