சவுனாவுக்குக் கடைசியில் போகும் ரைஜா அக்காவுக்கு

அன்புள்ள ரைஜா அக்காவுக்கு, தங்கை தெர்ஹி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீ நலமில்லை என்று தெரிந்துகொண்டே உன் நலத்தை விசாரித்து எழுத மனம் வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மா எழுத வேண்டிய கடிதம் இது. நீ தொலைபேசியில் அவளிடம்தான் அழுதாய், இதற்கு என்ன செய்வது என்று அவளிடம்தான் கேட்டாய். அவள் எழுத மாட்டேன் என்கிறாள், அதனால் அவள் இடத்தில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன்.

நீ பேசிய மறுநாள் உன் மாமியார் ஹெல்வி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் போட்ட சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. "உங்க பொண்ணு எங்கிருந்தோ வியாதியைக் கொண்டுவந்திருக்கா. என் பையனுக்கு ஒண்ணுமில்ல. அப்போ இது யாருகிட்டேர்ந்து வந்துச்சு? எங்க சவுனாப் பலகையில அவளை எப்படி உட்கார வைக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றாள். "நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள் அம்மா. சனிக்கிழமை எல்லோரும் சவுனாவில் ஆவிக்குளியல் முடித்து, கல்லில் சூடு இறங்கிய பிறகு, உன் துண்டையும் வாளியையும் தனியாகத் தூக்கிக்கொண்டு நீ போகிறாய் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நடுக்கோடை விழாவுக்கு உறவுக்காரர்கள் வருவதற்குள் சரியாகவில்லை என்றால் யோர்மா அத்தான் உன்னை இங்கே அனுப்பிவிடப் போகிறாராம். "இங்க அனுப்பி நான் என்ன பண்றது" என்று அம்மா கேட்டதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அக்கா. மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

இனி எழுதப்போவதை வாயால் சொல்ல என்னால் முடியாது. போன குளிர்காலம் எனக்கும் இதே வந்தது. மீன் ஆலையில் ரப்பர் கால்சட்டைக்குள் நைலான் உள்ளாடை, காலையிலிருந்து சாயங்காலம் வரை வியர்வை ஈரம். முதலில் அரிப்பு, பிறகு சிறுநீர் பட்டாலே எரிச்சல், தோல் சிவந்து வீங்கியது, தயிர்த் திப்பிபோல் கெட்டியாக வெள்ளை. நாற்றம் பெரிதாக இல்லை. அழுக்குதான் காரணம் என்று நினைத்து, நம் வீட்டில் எதற்கும் செய்வதைச் செய்தேன். சவுனாவில் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து, தார் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன், உள்ளேயும். தோல் வெடித்து நடக்க முடியாமல் போன பிறகுதான் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே ஐலா என்ற நர்ஸ். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சோப்பு விஷயத்தைச் சொன்னதும், "அடி என் கண்ணே, தார் படகுக்குப் பூசுறது. நீ என்ன ஏரியில மிதக்கவா போற?" என்றாள். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஈஸ்டுப் பூஞ்சை. நிறையப் பொம்பளைங்க உடம்புல சும்மா கிடக்கும், இடம் கிடைச்சா பெருகிடும். இதுக்கு ஆம்பளையும் வேணாம், அழுக்கும் வேணாம். கழுவிக் கழுவி நீதான் புண்ணாக்கிக்கிட்ட" என்றாள். நான் இதுவரை ஒரு பையனின் கையைக்கூடப் பிடித்ததில்லை, அக்கா. எனக்கே வந்தது என்றால் உன் மாமியாரின் கேள்விக்கு வேறு பதில் எதற்கு.

இது தொடங்குவதற்கு முன்னால் உனக்குப் பல்லில் சீழ் வைத்துத் தாடை வீங்கியது, அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டாய் என்றாயே. அதை நான் ஐலாவிடம் போய்ச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. "அது போதுமே" என்றாள். அந்த மாத்திரை உடம்பைக் காக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடுமாம், அப்போது பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். உன்னைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனதும், ஒரு வேளை விடாமல் விழுங்க வைத்ததும் ஹெல்விதான். இப்போது கேட்பதும் அவள்தான்.

இத்துடன் அனுப்பும் பொட்டலத்தில் கம்பளிக் காலுறைக்குள் மாத்திரையும் களிம்பும் வைத்திருக்கிறேன், மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். ஆனால் முதல் முறை என்றால் யாராவது பார்த்து உறுதிசெய்வது நல்லது என்று ஐலா சொன்னாள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஹெல்வியின் தங்கை உட்கார்ந்திருக்கிறாள் என்றால் பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போ. மாத்திரையை விழுங்கிவிடாதே, இரவு படுத்துக்கொண்டு உள்ளே ஆழமாக வைக்க வேண்டும். களிம்பை வெளியே மெல்லிசாகத் தடவு. அரிப்பு நின்றுவிட்டதே என்று பாதியில் விடாதே. மருந்து முடியும்வரை யோர்மாவைப் பக்கத்தில் விடாதே, அதற்கு அவர் வருந்தமாட்டார் என்று நினைக்கிறேன். பருத்தி உள்ளாடை போடு, ஈரத்தோடு இருக்காதே, வெளியே வெறும் தண்ணீர் போதும். மீன் நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல், அடிவயிற்று வலி, ரத்தம் இருந்தாலோ இது வேறு, உடனே மருத்துவரிடம் போ. நாள் தள்ளிப்போயிருந்தால் மருந்தைத் தொடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் கேள். திரும்பத் திரும்ப வந்தாலும் போய்க் காட்டு, சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

உன்மேல் தப்பில்லை என்று அம்மாவுக்குப் புரியவேண்டுமே என்று எனக்கு வந்ததையும் அவளிடம் சொன்னேன். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும், நான் ஆலையில் சம்பளம் கேட்கவே வாய் திறக்காதவள். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள். "நீயுமா?" என்றாள். அவ்வளவுதான். பூஞ்சை, மாத்திரை, ஐலா சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நேற்றுச் சனிக்கிழமை. அவள் முதலில் சவுனாவுக்குப் போய் வந்தாள். நான் போனபோது என் துண்டு மட்டும் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கியது. எனக்கு எப்போதோ குணமாகிவிட்டது, அக்கா. அதைச் சொல்ல வாயெடுத்தேன், பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கடிதத்தை முடிக்கும்போது அம்மாவின் ஆசியைச் சேர்ப்பது முறை என்பதால் அவளிடம் கேட்டேன். "சுத்தமா இருக்கச் சொல்லு" என்றாள். எழுதிவிட்டேன், நீ அதன்படி நடக்காதே. இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. நடுக்கோடைக்குள் உனக்குச் சரியாகிவிடும், அவர்களும் ஒன்றும் நடக்காததுபோல் பலகையில் தள்ளி உட்கார்ந்து உனக்கு இடம் விடுவார்கள். மருந்து அரிப்புக்குத்தான், அவர்கள் பேசியதற்கு இல்லை. போய் உட்காருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். வேண்டாம் என்றால் பேருந்து ஏறு, அம்மாவிடம் நான் கேட்கப்போவதில்லை, என் கட்டிலில் இரண்டு பேர் படுக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடைசி மாத்திரை வரைக்கும் வை.

உன் தங்கை,
தெர்ஹி