நல்ல மனசுன்னு நான் சொன்னனா?

இன்று காலை பாகூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த விவசாயி மடியில் ஒரு காகித உறை வைத்திருந்தார். வெயில் படக்கூடாது என்று துண்டால் அதை மூடி மூடி வைத்தார். எட்டிப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டுண்ணி அட்டை. மணலைத் தூவி ஒட்டியது போல அட்டை முழுக்க முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு குளவி. கரும்புத் தோகையில் கட்டிவிட்டால் அவை வெளியே வந்து, கரும்பைத் துளைக்கிற புழுவின் முட்டைகளைத் தேடிப்போய் அவற்றுக்குள் தங்கள் முட்டையை வைத்துவிடும். அப்புறம் அதிலிருந்து புழு பிறக்காது. குளவிதான் பிறக்கும்.

உடனே எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு பஸ் பயணத்தை நிம்மதியாக முடிக்க விடமாட்டேன் என்கிறாய்.

இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீ இயற்பியல், நான் உயிரியல். வில்லியனூரில் ஏறி உனக்கு இடம் போட்டு வைப்பேன். நீ கரிக்கலாம்பாக்கத்தில் ஏறி, பையை மடியில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவாய். இயற்கைக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறதா இல்லையா. காலை ஏழே முக்கால் மணிக்கு, நிற்க இடமில்லாத பஸ்ஸில், வேறு யாருக்கு இந்தக் கவலை?

ஈர்ப்பு விசை கொஞ்சம் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ நட்சத்திரமும் இல்லை நாமும் இல்லை, இத்தனை கச்சிதம் தானாக வராது என்பாய். கச்சிதமாக அமையாத இடத்தில் கேள்வி கேட்கவே ஆள் இருக்காது, அதனால் அது சாட்சியாகாது என்பேன். சரி, அதை விடு என்று உடனே வேறு பக்கமாக வருவாய். அந்த ஈர்ப்பு விதியை ஒரே வரியில் எழுத முடிகிறதே, பாகூரில் பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அது புரிகிறதே, யோசித்து எழுதியதைத்தானே யோசித்துப் படிக்க முடியும் என்பாய். இதற்கு நான் பதில் சொல்வதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும்.

உன்னை ஒரு பக்கமாக வைத்துச் சண்டை போடவும் முடியாது. விஞ்ஞானிகள் கடவுளை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று டீச்சர்கள் வாட்ஸப் குரூப்பில் யாராவது அனுப்பினால் என்னைவிட உனக்குத்தான் ஆத்திரம் வரும். வரிக்கு வரி மறுத்து எழுதுவாய். நான் மகிழ்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாதம்தான் மட்டம், முடிவு சரிதான் என்று ஒரு வரி சேர்ப்பாய்.

ஒரு சனிக்கிழமை உங்கள் கரும்புக் கொல்லைக்கு அட்டை கட்ட என்னையும் இழுத்துப் போனாய். தோகை கிழித்துக் கையெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில் கேட்டேன்: “இன்னொண்ணோட முட்டைக்குள்ள பூந்து, அதத் தின்னே வளருது. இத ஒரு மனசு உக்காந்து யோசிச்சி செஞ்சிதாடி?”

நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. “மனசு இருக்குதுன்னுதான் சொன்னேன். நல்ல மனசுன்னு நான் சொன்னனா?”

கையில் இருந்த அட்டைகளை வரப்பில் வைத்துவிட்டு வந்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். ஜெயித்ததாக நினைத்துச் சிரித்தாய். விளையாட்டாகச் சொன்னதல்ல அது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

பிறகு உனக்குச் சினைப்பையில் புற்றுக்கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி உறவுக்கூட்டம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் விட்டது, போன ஜென்மத்துப் பாவம், ஜாதகத்தில் சனி என்று ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். நான் வந்ததும் எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினாய்.

“உன் பாடத்துல இதுக்கு இன்னா சொல்லியிருக்குது?” என்று கேட்டாய்.

“செல்லு பிரியறப்போ ஒரு காப்பி எடுக்குது. அத்தன கோடி காப்பில ஒண்ணு ரெண்டு தப்பாப் பூடுது. உனுக்கு முக்கியமான எடத்துல தப்பாப் போச்சி. அவ்ளோதான். நீ ஒண்ணும் பண்ணல.”

“காரணம்?”

“கெடையாது.”

கண்ணை மூடிக்கொண்டாய். அழுகிறாய் என்று நினைத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அம்மா நன்றாகத் தூங்கினாள் என்று மறுநாள் உன் மகள் கயல் போனில் சொன்னாள்.

என் புத்தி எப்படிப்பட்டது பார், அடுத்த முறை வந்தபோது அதை வைத்தே உன்னை மடக்கப் பார்த்தேன். காரணமே இல்லை என்றதும் நிம்மதியாயிற்று அல்லவா, அப்படியானால் தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள் என்றேன். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டுப் பேசினாய்.

“உன் பதில் எனுக்கு வேணும். அதுக்காக என் கேள்விய வுட்டுடுவனா? தப்பு தப்புன்றியே, சரின்னு ஒண்ணு இல்லாம தப்பு எங்கேர்ந்துடி வரும்?”

நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். வீடு வந்து சேரும்வரை பதிலைத் தயார் செய்தேன். தப்பு என்பது நாம் வைத்த பெயர், செல்லுக்கு அது வெறும் மாற்றம், சரியும் தவறும் பார்க்கிற நம் கண்ணில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை வந்து சொல்வதாக இருந்தேன். நீ புதன்கிழமை போய்விட்டாய். நல்ல பதில்டி அது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உன் கருமாதி அன்று உறவுக்காரர்கள் புதுக் காரணம் ஒன்று கண்டுபிடித்திருந்தார்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிக் கயல் உன்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தாளாம், அந்த வேதனைதான் வயிற்றில் கட்டியாகத் திரண்டதாம். பந்தியில் வைத்தே சொன்னார்கள். அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். பின்னாலேயே போய், உனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்கும் சொன்னேன். காப்பி, தப்பு, காரணம் இல்லை, உன்னால் இல்லை. கையலம்புகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நானும் கூடவே நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்போ எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு மனசு இருக்குதுன்னு அம்மா சொன்னது பொய்யா, ஆன்ட்டி?”

என் வாயில் இருபது வருஷத்துப் பதில்கள் வரிசையாக நின்றன. நீ கேட்டிருந்தால் ஒன்றையும் மிச்சம் வைத்திருக்க மாட்டேன்.

“தெரியலம்மா,” என்றேன்.

உன்னிடம் ஒருமுறைகூட நான் சொல்லாத சொல் அது. சொல்லியிருந்தால் ஒரு வருஷத்துக்காவது என்னைக் கேலி செய்து தீர்த்திருப்பாய். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. என்னை அப்படிச் சொல்ல வைத்துவிட்டாயே என்று உன்மேல் எரிச்சலாக வருகிறது. சொன்னது பொய்யில்லை என்பது அதைவிட எரிச்சல்.