தொண்ணூற்றேழாம் எண் கல்

ஹைதராபாத்
12-2-1984

அன்புள்ள சவரி அண்ணனுக்கு,

சாதிக் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஆபிதா, மகள் சுராயா எல்லாரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மேரி டீச்சர் இன்னும் ஸ்ரீரங்கம் ஸ்கூலுக்குத்தான் போய்வருகிறாளா? போன மாசம் திருச்சிக்கு வந்தும் வீட்டுப் பக்கம் வராமல் போனதற்குத் திட்டாதீர்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சல்.

நல்ல செய்தி ஒன்று. நான் கல்லூரியில் லெக்சரராகவும் நீங்கள் அட்டெண்டராகவும் இருந்தபோது, ஆறு வருஷம் வெயிலில் திரிந்து உடைத்தோமே கருப்புக் கல், அதைப் பற்றிய என் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் அச்சில் இருக்கிறது.

மேரி அதைப் படித்துச் சொல்லத் திணறுவாள். நானே சொல்கிறேன். நாம் நிற்கும் நிலத்துக்கு இருபது இருபத்தைந்து மைல் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்க முடியாது. இருநூறு கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே உருகிய குழம்பு விரிசல் வழியாக ஏறி வந்து, உறைந்து, கருப்புச் சுவர் மாதிரி நிற்கிறது. கந்தூரிச் சோற்று அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்க முடியாது. ஓரத்தில் வழிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துத்தான் அடியில் என்ன வெந்தது என்று சொல்லவேண்டும். அண்டா முழுக்க ஒரே ருசி என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். தருமபுரிக் கல்லுக்கு ஒரு ருசி, நம் வையம்பட்டிக் கல்லுக்கு வேறு ருசி என்று நான் காட்டிவிட்டேன். கண்டத்தின் அடிப்பகுதி இடத்துக்கு இடம் மாறுகிறது.

இந்தக் கட்டுரையை வைத்துத்தான் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருக்கிறது. துஆ செய்யுங்கள்.

உங்கள்
ஜெகபர் சாதிக்


மேலப்புதூர், திருச்சி
27-2-1984

அன்பும் மரியாதையும் உள்ள சாதிக் சாருக்கு,

சவரிநாதன் சொல்ல, மகள் இருதயமேரி எழுதுவது. மாதா கிருபையால் நலம். இருமல் அப்படியேதான் இருக்கிறது, அது என்னோடு பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. புத்தகம் வந்தது. என் பெயர் இருக்கும் இடத்தை மேரி விரலை வைத்துக் காட்டினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கருப்புக் கோடு. இருந்தாலும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உங்கள் அம்மாவைப் பார்க்க வந்தவர் பாலக்கரை தாண்டி மேலப்புதூருக்கு வரவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன், மறக்கமாட்டேன்.

சார், உள்ளே இருந்த பட்டியலில் கல்லின் எண்களைப் படிக்கச் சொன்னேன். தருமபுரிப் பக்கம் பதினெட்டுக் கல். மேரி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் இடத்தைச் சொன்னேன்; எண் போடும்போது நீங்கள் உரக்கச் சொன்னது காதிலேயே இருக்கிறது. இது ஏரிக்கரை, இது பனந்தோப்பு, இது உங்களைத் தேனீ கொட்டிய இடம். எல்லாம் சரி. வையம்பட்டிக்கு ஒரே ஒரு கல், தொண்ணூற்றேழு என்றாள்.

அது எந்தக் கல் சார்?

வையம்பட்டிக் கரட்டில் நாம் உடைத்தது மூன்று. மூன்றும் உளுத்துப்போனது, சோதனைக்கு ஆகாது என்று மறு வாரமே நீங்கள் கொட்டச் சொன்னீர்கள். கல்லூரிக் கழிவறைக்குப் பின்னால் நான்தான் கொட்டினேன். நாலாவது ஒன்று உண்டு. எழுபத்து மூன்று அக்டோபர், அசிசியார் திருநாள், வியாழக்கிழமை. உங்களுக்கு நோன்பு. கரட்டின் அடிவாரத்தில் விவசாயி தர்மராஜ் கிணறு வெட்டி, வெடி வைத்துப் பாறையைப் பிளந்திருந்தார். "சார், கிணத்துக்கு ரெண்டு பர்லாங்குதான். நீங்க நிழல்ல குந்துங்க, நான் போய் நல்ல கல்லா உடைச்சிட்டு வரேன்" என்றேன். "பஸ்ஸு போயிடும் அண்ணே, நோன்பு திறக்க வீட்டுக்குப் போகணும்" என்றீர்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் அம்மி கொத்தும் வீரமலை. அவர் கொத்திப்போட்ட சில்லைக் கையில் எடுத்து, "அண்ணே, இதப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றீர்கள். வீரமலை உளியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அது இந்த ஊர்க் கல்லு இல்லீங்க. மைசூர்ப் பக்கத்துலேர்ந்து லாரில வருது. இந்தக் கரட்டுக் கல்லுல அம்மி கொத்துனா, அரைக்கிற சட்னியில பாதி கல்லாத்தான் இருக்கும்." நீங்களும் சிரித்தீர்கள். "சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான், தனியா வெச்சுக்கலாம்" என்றீர்கள். நான் பேப்பரில் சுற்றி மூட்டையில் வைத்தேன்.

தொண்ணூற்றேழு அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு
சவரிநாதன் (பெருவிரல் ரேகை)


ஹைதராபாத்
18-3-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஞாபகசக்திக்கு என் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள பெரிய மெஷின்கூட ஈடாகாது. படித்துவிட்டு ஆபிதாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

நீங்கள் நினைக்கும் கல்தான். மறைக்கவில்லை. அன்றைக்கு நோன்பு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அந்த நிலைமையில் யார்தான் கிணற்றுக்கு நடப்பார்கள்? தனியாகக் குறித்து வைத்த நோட்டு ஊர் மாறியபோது எங்கோ போய்விட்டது. கையில் வையம்பட்டிக்கென்று வேறு நல்ல கல் இல்லை. திரும்பி வர நேரம் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு சின்ன விஷயம்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. ஹால்பர்க் என்று ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஜூலையில் திருச்சி வருகிறார். நாம் உடைத்த இடங்களிலேயே மறுபடி உடைத்துச் சோதிக்கப்போகிறார். வையம்பட்டிக்கு வழி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதிவிட்டேன். கரட்டின் உச்சிக்கு அழைத்துப் போங்கள். "தொண்ணூற்றேழு இங்கேதான் உடைத்தோம்" என்று ஒரு வார்த்தை போதும். உளுத்த கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்லதெல்லாம் அன்றே தீர்ந்துவிட்டது என்று அவரே போய்விடுவார்.

இல்லையென்றால் பதவி போகும். அதோடு போனாலும் பரவாயில்லை, பெயர் போகும். தீர்த்தமலையில் நீங்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது இரண்டு மைல் உங்களை முதுகில் சுமந்து இறங்கினேன். சொல்லிக்காட்டவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

சாதிக்


மேலப்புதூர்
2-4-1984

சாதிக் சாருக்கு,

உங்கள் கடிதத்தை மேரி படித்தபோது சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டேன். இதைக் கொஞ்சம் பதமாக எழுதட்டுமா அப்பா என்றாள். நான் சொல்வதை எழுது என்றேன்.

நோன்பின் மேல் ஏன் பழியைப் போடுகிறீர்கள்? அது உங்களைப் பொய் சொல்லச் சொன்னதா? ஆறு வருஷமும் ஒரு நோன்பு விடாமல் நீங்கள் மலை ஏறியதைப் பார்த்தவன் நான். பக்கத்தில் இருந்து தண்ணீர் குடிக்கவே எனக்கு வெட்கமாக இருக்கும், மரத்துக்குப் பின்னால் போய்க் குடிப்பேன். அப்படிப்பட்ட நோன்பை இப்போது நொண்டிச் சாக்காக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

தீர்த்தமலையில் தூக்கினீர்கள், உண்மை. இத்தனை வருஷம் அதை நினைக்கும்போதெல்லாம் மனசு குளிரும். இன்றைக்கு அதையும் கறையாக்கிவிட்டீர்கள். இதற்குத்தான் தூக்கினீர்கள் என்றால் அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

என்மேலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த கல் என்று தெரிந்தும் பேப்பரில் சுற்றியவன் நான். தனியாக வைத்தீர்களா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அட்டெண்டருக்கு ஏன் இந்தக் கேள்வி என்று இருந்துவிட்டேன்.

வெள்ளைக்காரர் வரட்டும். அழைத்துப் போகிறேன். நீங்கள் சொன்ன வார்த்தையை நான் சொல்லமாட்டேன். ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் நீங்களே அவருக்கு எழுதிவிட்டால் நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியம் இராது.

சவரிநாதன் (பெருவிரல் ரேகை)


தந்தி
5-7-1984

ஹால்பர்க் ஞாயிறு காலை வருகிறார். உச்சி மட்டும் காட்டவும். வேறு பேச்சு வேண்டாம். சாதிக்


மேலப்புதூர்
11-7-1984

சாதிக் சாருக்கு,

தந்தி வந்தது. மூன்று மாசம் காத்திருந்ததற்கு மூன்று வரி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் காரில் போனோம். பேச்சுக்கு மேரி. வெள்ளைக்காரர் நல்ல மனுஷர். வெயிலில் முகமெல்லாம் செம்பருத்திப் பூ மாதிரி ஆகிவிட்டது, அதற்கும் சிரித்துக்கொண்டார். கரட்டின் உச்சியில் நின்று நாலு இடம் தட்டினார். எல்லாம் பொரியாக உதிர்ந்தது. கட்டுரையைப் பிரித்து, தொண்ணூற்றேழு எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கே புரிந்தது, கை காட்டிய விதத்தில்.

மேரி என்னைப் பார்த்தாள். "அப்பா, சொல்லித்தான் ஆகணுமா? சாதிக் சார் பொழப்புப்பா."

"பஸ் ஸ்டாப்புன்னு சொல்லு" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. இறங்கி அழைத்துப் போனேன். வீரமலை போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அவர் சம்சாரம் செல்லக்கிளி உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இது எந்த ஊர்க் கல்லம்மா என்று மட்டும் கேட்டேன். "மைசூர்க் கல்லுங்க. என்னைக் கட்டிக்குடுத்த நாள்லேர்ந்து லாரியிலதான் வருது. தொரைக்கு ஆட்டுக்கல் வேணுங்களா? ஊருக்குத் தூக்கிட்டுப் போவாரா?" என்றது. மேரி இங்கிலீஷில் சொன்னாள். அவர் கவிழ்த்துப்போட்டிருந்த ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்.

பிறகு, இந்த ஊரில் நல்ல கல்லே கிடையாதா என்று கேட்டார். தர்மராஜ் கிணற்றுக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் கீழே போயிருந்தது. கயிறு கட்டி அவரே இறங்கி, பக்கச் சுவரில் உடைத்தார். மை மாதிரி கருப்பு, ஒரு துளி துரு இல்லை. அன்றைக்கும் அந்தக் கல் அங்கேதான் சார் இருந்தது. போக வர நாலு பர்லாங்கு.

திரும்பும்போது ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ராஜகோபுரத்தைப் பார்க்கவேண்டும் என்றார், மேரி காட்டினாள். உங்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இனி நீங்கள் அவருக்கு உள்ளதை எழுதுங்கள். இடறிவிட்டேன் என்று எழுதினால் யாரும் தலையை வாங்கிவிடமாட்டார்கள்.

சவரிநாதன் (பெருவிரல் ரேகை)


ஹைதராபாத்
20-1-1985

அன்புள்ள சவரி அண்ணனுக்கு,

ஆறு மாசமாக எழுதவில்லை. கோபம் இருந்தது. இப்போது இல்லை, ஏனென்றால் ஆண்டவன் என் பக்கம் இருந்துவிட்டான்.

கிணற்றுக் கல்லை ஹால்பர்க் சோதித்துவிட்டார். அதுவும் தருமபுரிக் கல்லைப் போல இல்லை! இரண்டுக்கும் அடியில் வெந்தது வேறு வேறு சரக்குத்தான். எண்கள் நான் கொடுத்ததைவிடக் கொஞ்சம் மாறுகின்றன, ஆனால் நான் சொன்ன முடிவு முடிவுதான். கண்டத்தின் அடி ஒரே மாதிரி இல்லை. என்னைத் தலைகுனிய வைத்தீர்கள், கடைசியில் நான் சொன்னதே சரியாகிவிட்டது. பதவியும் வந்துவிட்டது.

தொண்ணூற்றேழு பற்றிப் பத்திரிகையில் ஒரு திருத்தம் போட்டே ஆகவேண்டும் என்று ஹால்பர்க் பிடிவாதம் பிடித்தார். போட்டுவிட்டேன். மூன்று வரிதான். களப் பணியாளர் எண்களை மாற்றிக் குறித்ததால் நேர்ந்த தவறு என்று எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. யார் போய்த் தேடப்போகிறார்கள்? உங்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, நீங்கள் ரிடையர் ஆனவர்.

பழசை விடுங்கள். பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, பாலக்கரையில் சுராயாவுக்கு நிக்காஹ். கல்யாணப் பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். சவரி மாமா முன் வரிசையில் உட்காரவேண்டும் என்று அவளே சொல்லி அனுப்பினாள். மேரியையும் கூட்டிக்கொண்டு அவசியம் வாருங்கள்.

சாதிக்


மேலப்புதூர்
2-2-1985

சாதிக் சாருக்கு,

மேரி இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாம் தடவையாகச் சொல்கிறேன்.

கிணற்றுக் கல் உங்கள் பேச்சுக்கு ஒத்துவந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பூமிக்கு அடியில் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு சாவது நல்ல விஷயம். ஆனால் நீங்கள் எழுதும்போது அது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கல்லை நீங்கள் தொட்டதே இல்லை. வேறு எவனோ கயிறு கட்டி இறங்கிக் கொண்டுவந்ததை வைத்து, பார்த்தாயா நான் சொன்னேன் என்கிறீர்கள். அவன் இறங்காமல் போயிருந்தால்?

அது போகட்டும். எண்ணை மாற்றிக் குறித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சார், எண்ணைக் காதால் கேட்டால் தெரியும், எழுதத் தெரியாது. எழுத்தில் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆறு வருஷத்தில் ஒரு கல்லிலாவது நான் எண் போட்டிருக்கிறேனா? வெள்ளைப் பெயிண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், பிரஷ் உங்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் அப்படித்தான். எழுதத் தெரியாதவன் எதை சார் மாற்றி எழுதுவான்? பழியைப் போடுவதற்கு உலகத்தில் ஆயிரம் பேர் இருக்க, அந்தத் தப்பைச் செய்யவே முடியாத ஒருத்தனைத் தேடிப் போட்டிருக்கிறீர்கள். பெயர் போடவில்லையாம். முதல் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் களப் பணியாளர் என்று இருப்பது என் பெயர் ஒன்றுதான். மேரி விரலை வைத்துக் காட்டிய அதே கோடு.

அந்தப் புத்தகத்தை மேரியிடம் கொடுத்து எங்காவது கண்ணில் படாமல் வை என்றேன். வீட்டில் அது இருக்கிறது என்றாலே வாயில் எச்சில் ஊறுகிறது, துப்பவேண்டும்போல.

எண் போட்டது யார் கை என்று ஹால்பர்க்குக்கு மேரி தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளே எழுதினாள். நான் ரேகை வைத்தேன்.

சுராயா நன்றாக இருக்கட்டும். எட்டு வயசில் என் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து வந்த பிள்ளை. அவளுக்கென்று தினமும் மன்றாடுகிறேன், இதையும் சேர்த்து மன்றாடுவேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன். முன் வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்கார என் உடம்பு ஒத்துக்கொள்ளாது. மேரி வருவாள், பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்வாள்.

சவரி மாமா எங்கே என்று சுராயா கேட்பாள். நடக்க முடியவில்லை, கால் வலி என்று சொல்லிவிடாதீர்கள். கால் நன்றாக இருக்கிறது.

சவரிநாதன் (பெருவிரல் ரேகை)