ஒன்பதாம் வகுப்பின் இடப்பக்கம்

4 நவம்பர் 2024, திங்கள்

நேற்றைய மழையில் அனுமந்தன்பட்டிப் பக்கம் பறிக்கிற பதத்தில் நின்ற திராட்சையெல்லாம் வெடித்துவிட்டதாம். வகுப்பில் விஜய்பாண்டி முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தான். அவன் அப்பாவுக்கும் அங்கேதான் தோட்டம். "மழை பெஞ்சா பழம் ஏன் மிஸ் வெடிக்குது?" என்று கேட்டான். எல்லோரையும் அறிவியல் நோட்டில் இடப்பக்கம் ஊகத்தை எழுதச் சொன்னேன். வலப்பக்கம் பாடத்துக்கு, இடப்பக்கம் அவர்களுக்கு. ஜூனிலிருந்து இதுதான் ஏற்பாடு. தப்பானால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடுதான். 'மழைத்துளி வேகமாக அடித்து உடைகிறது' என்று விஜய்பாண்டி எழுதினான். நல்ல பழமாகப் பார்த்து டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறோம்.

5 நவம்பர்

துளி அடிக்காமலே பழம் வெடித்திருக்கிறது. தண்ணீர் தோல் வழியாக உள்ளே போயிருக்கும் என்று விஜய்பாண்டியே சொன்னான். தன் வரியின்மேல் கோடு போட்டான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

8 நவம்பர், வெள்ளி

வருகிற செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஆய்வு. தலைமையாசிரியர் சீனிச்சாமி நோட்டுக் கட்டை என் மேசையில் போட்டார்.

"என்ன டீச்சர் இது? பக்கத்துக்குப் பக்கம் தப்பும் அடித்தலுமா இருக்கு. ஆபீசர் பாத்தா நீங்க நோட்டே திருத்துறதில்லன்னு எழுதிருவாக. திங்கக்கெழமைக்குள்ள சுத்தமா எழுதி வாங்குங்க. இல்லாட்டி ஒன்பதாப்ப வேற ஆளுகிட்ட குடுக்க வேண்டியதாயிரும்."

வருகைப் பதிவேட்டைக் கொடுக்க வந்த ஒன்பதாம் வகுப்பு திரிஷா வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

நோட்டுக் கட்டைத் தூக்கிப் போய் வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் அவரை எதிர்த்துப் பேசல?

10 நவம்பர்

எழுதி வாங்க மாட்டேன். வகுப்பு போனால் போகட்டும் — இல்லை, போகக் கூடாது. ஆபீசரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

11 நவம்பர், திங்கள்

காலையில் என் மேசையில் புது நோட்டுகள். பழுப்பு அட்டை, லேபிள், அளந்து போட்ட மார்ஜின். சனி, ஞாயிறு உட்கார்ந்து வலப்பக்கத்தில் இருந்ததை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லவே இல்லை.

"எங்களால ஒங்களுக்குக் கெட்ட பேரு வரக் கூடாது மிஸ். கையெழுத்து மட்டும் போட்ருங்க" என்றாள் திரிஷா. பழைய நோட்டுகள் எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பக்கம் பக்கமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

12 நவம்பர்

"அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார் ஆபீசர். தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல். ஒன்பதாம் வகுப்பு என்னிடமே.

13 நவம்பர்

திராட்சையை உப்புத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும், எழுதுங்கள் என்றேன். ஒருவரும் எழுதவில்லை.

"விடையச் சொல்லுங்க மிஸ், எழுதிக்கிறோம். எதுக்கு ரெண்டு வேல?" — திரிஷாதான்.

விஜய்பாண்டி பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவர்களை என்ன சொல்ல? கையெழுத்துப் போட்டவள் நான்தானே. பாவி, நான்தான் போட்டேன்.

18 நவம்பர், திங்கள்

எனக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கத்தில் என் ஊகத்தை எழுதி வகுப்புக்குக் காட்டினேன்: 'மணி அடிப்பதற்குள் பழம் சுருங்கிவிடும்.' உப்பைக் கரைத்துப் பழத்தைப் போட்டோம். மணி அடித்தது. பழம் போட்டபடியே கிடந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து விஜய்பாண்டி, "மிஸ், தப்பு. கோடு போடுங்க" என்றான்.

போட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

19 நவம்பர்

இன்று காலையில் பழம் சுருங்கியிருக்கிறது. ஏன் இவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். திரிஷா பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து இடப்பக்கத்தைத் திறந்தாள்.

29 நவம்பர், வெள்ளி

மாதக் கடைசி. தலைமையாசிரியர் நோட்டுகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். பிள்ளைகள் மறுபடி எழுதிவரும் பழைய நோட்டுகளையே கட்டி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் மேலே என்னுடையதை வைத்தேன்.